மறைப்பதும் அருளா?

கோவளம் பக்கம் கடற்கரைக் கல்யாணம் எடுப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். இரவு முழுக்க 20 டிகிரி ஏசியில் கிடந்த கேமராவை விடிந்ததும் மணலுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் ஃபாக் அடித்துவிடும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் அந்தக் காற்று நீரை இறக்கிவிடும். லென்ஸில் பழுதில்லை. துடைத்தாலும், கண்ணாடியில் குளிர் இருக்கும்வரை மறுபடி படியும். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சார்வரை போய்விடும்.

என்னிடம் தொழில் பழகும் பையன்களுக்குச் சொல்வேன்: அறையிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிடு. ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். அரைமணி, பெரிய லென்ஸானால் ஒரு மணிகூட ஆகும். சூடு சமமான பிறகு திற.

எங்களுடையது சைவக் குடும்பம். நடராசரின் ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என்று ‘உண்மை விளக்கம்’ சொல்வதை அப்பா விளக்குவார். இறைவனின் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டன. மறைத்தல்தான் உறுத்தியது. அருளே வடிவானவன் உயிருக்குத் தன்னை ஏன் மறைக்க வேண்டும்? அந்த மறைப்புச் சக்தியைச் சைவ சித்தாந்திகள் உயிரைப் பிணிக்கும் அழுக்குகளான மலங்களோடு சேர்த்தும் எண்ணுகிறார்கள். மலம் பக்குவப்படும்வரை மறைப்பாக நிற்பதே பிறகு அருளாக விளங்கும் என்பது அவர்கள் முடிவு.

இதை நான் ஏற்றுக்கொண்டது கடற்கரையில்தான். லென்ஸை மறைத்த காற்றேதான் அதைச் சூடேற்றித் தெளியவும் வைக்கிறது. தெளியவைக்க வேறொரு காற்று வருவதில்லை.

பை இருக்கிறதே, அதுபோல மறைக்காமலே அருளக்கூடாதா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் பை காத்திருப்பைக் குறைப்பதில்லை. அதற்குள் இருக்கும்வரை கேமராவும் எதையும் பார்ப்பதில்லை. அதுவும் மறைப்புதான்.

இருந்தாலும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதைச் சொல்ல என்னால் முடியாது. கண்ணாடிக்கு வலியில்லை; எனக்கும் அரைமணி என்று கணக்குத் தெரியும். அவள் கேட்பது இன்னும் எத்தனை காலம் என்று. அதற்குச் சித்தாந்தத்தில் கணக்கு கிடையாது.