கல்லில் இல்லாத பெயர்கள்



இன்று மே 1, தொழிலாளரான புனித யோசேப்பின் நினைவு. 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தியது. ஆண்டுதோறும் இந்த நாளில் உழைக்கிறவர்களைப் பற்றிப் பேசுவேன். இன்று வேலை வாங்குகிறவர்களோடு கொஞ்சம் பேச ஆசை. மேஸ்திரி, சூப்பர்வைசர், டீம் லீடர், நாலு பேரை வைத்துக் கடை நடத்துகிறவர் என்று நம் பங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பங்குச் சாமியாரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

அதற்கு நான் எடுத்துக்கொண்டது நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம். அதை வாசிக்கச் சொன்னால் நம் வாசகர்கள் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். முழுக்கப் பெயர்கள், அதிலும் பாதி வாயில் நுழையாதவை. குருமடத்தில் நானும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தாண்டிப் போனவன்தான்.

நெகேமியா பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவுக்குத் திராட்சை இரசம் பரிமாறியவர். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, கி.மு. 445-ல் மன்னரிடம் விடைபெற்று வருகிறார். வந்த கையோடு கூட்டம் கூட்டவில்லை. மூன்று நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல், இரவில் சிலரோடு போய் மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் அவர் ஏறிப்போன விலங்கு நுழையவே வழியில்லை. அவ்வளவு தூரம் போய்க் கண்ணால் பார்த்த பிறகுதான், வாருங்கள் கட்டுவோம் என்று வாயைத் திறக்கிறார். ஏசி அறையில் உட்கார்ந்து டார்கெட் போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்.

மதில் 52 நாளில் எழுந்துவிட்டது. கட்டியவர்களில் பொற்கொல்லர் உண்டு, நறுமணத் தைலம் செய்கிறவர் உண்டு. பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியே வேலையாக அமைந்தது. தன் வாசலுக்கு எதிரே இருக்கும் சுவரை யார் அரைகுறையாகக் கட்டுவார்? மாவட்டத் தலைவரான மல்கியா குப்பைமேட்டு வாயிலைச் சரிசெய்தார். சல்லூம் தம் மகள்களோடு வந்து கட்டினார். தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் தோள்கொடுக்க மறுத்தார்கள். அதே ஊர்ச் சாதாரண மக்களோ தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பகுதியையும் எடுத்துக் கட்டினார்கள். இரண்டும் அந்த மூன்றாம் அதிகாரத்தில் பதிவாகியிருக்கிறது. எந்தத் துண்டை யார் கட்டினார் என்பது நெகேமியாவுக்குத் தெரியும்.

வேலை பாதியில் இருக்கும்போது ஒரு கூக்குரல். வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளையும் அடிமைகளாக்க வேண்டியதாயிற்று என்று ஏழைகள் அழுகிறார்கள். மதில்தான் முக்கியம், இதைப் பிறகு பார்ப்போம் என்று நெகேமியா தள்ளிப் போடவில்லை. வட்டிக்கு விட்ட பெரியவர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். கடன் கொடுத்தவர்களில் தானும் தன் ஆட்களும் இருக்கிறோம் என்று சபை நடுவே சொல்லிவிட்டு, இதை விட்டுவிடுவோம் என்கிறார். ஆளுநருக்குரிய உணவுப்படியைப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் தொடவே இல்லை.

அவர் சபை நடுவே சொன்னார். நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் இருந்த பங்கில் ஒரு மண்டபம் கட்டினோம். திறப்பு விழாக் கல்லில் ஆயர் பெயர், என் பெயர், நன்கொடை கொடுத்த மூவர் பெயர். விழாவன்று காலையில் கொத்தனார் கல்லின் ஓரத்தில் வழிந்திருந்த சிமென்ட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே வரிக்கு வரி வாசித்தார். "எழுத்து நல்லா வந்திருக்கு சாமி" என்றார். நான் தலையாட்டிவிட்டு ஆயரை வரவேற்கப் போய்விட்டேன். எட்டு மாதம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவருக்கு மண் எடுத்துக் கொடுத்த சித்தாள் பெண்களில் ஒருவர் பெயரும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்தப் பங்குக்குப் போன மாதம் போயிருந்தேன். பழைய கல்லுக்குக் கீழே இன்னொரு கல் பதிக்க இடம் இருக்கிறது. கொத்தனார் வீட்டைத் தேடிப் போய்ப் பெயர்களை எழுதி வாங்கினேன். பதினாலு பேர் சொன்னார். இன்னும் மூன்று பேர் அவருக்கே நினைவில்லை. அங்கே அப்போது வேலை செய்தவர்களின் சொந்தக்காரர்கள் இந்தக் கோவிலில் இருந்தால், திருப்பலி முடிந்ததும் போய்விடாதீர்கள். அலுவலகத்தில் நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன்.