தன் மூச்சு தனக்குத் தெரியாது

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடி சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு வரும் கூட்டத்தில் பல்வலிக்காரர்களை எளிதில் கண்டுகொள்ளலாம். கை கன்னத்தில் இருக்கும். கேட்டதற்கு முந்தானையால் வாயை மறைத்து, முகத்தைத் திருப்பிப் பதில் சொல்பவர்களின் வலி வேறு.

வாய் நாற்றம் என்றதும் நாம் வயிற்றைக் குறை சொல்கிறோம். பத்தில் எட்டுப் பேருக்காவது அது வாயிலேயே பிறக்கிறது. நாக்கின் பின்புறம் படியும் வெள்ளையிலும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே காற்றுப் புகாத இடுக்கிலும் வாழும் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. ஏலக்காய் அதை மூடும், அகற்றாது. ஈறோரம் பல்லில் இறுகிப்போன காரையை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சி, பல் சுத்தம் செய்வதை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைத்தான் அந்தக் காரை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

உரியவரின் மூக்குக்கு இந்த நாற்றம் பெரும்பாலும் எட்டுவதில்லை. ஓயாது வரும் வாசனையை மூக்கு பழகி மறந்துவிடுகிறது. அதனால்தான் மருத்துவர் சில வேளை துணைக்கு வந்தவரிடம் திரும்புகிறார்: "பேசும்போது உங்களுக்குத் தெரியுதாம்மா?" மனைவி தலை குனிகிறார். "ரொம்ப நாளா இருக்கு டாக்டர். எப்படிச் சொல்றதுன்னுதான்..." அந்த முடியாத வாக்கியத்தில் பல வருடத் தனிமை இருக்கிறது, இருவருடையதும். இதற்கு நேர்மாறாக, நாற்றமே இல்லாமல், எதிரில் இருப்பவர் மூக்கைத் தொட்டாலே தன்னால்தான் என்று ஒடுங்குபவர்களும் உண்டு. அவர்கள் துயரும் மெய்யே. அவர்களுக்குத் தேவை மனநல ஆலோசனை.

நம் உடம்பிலிருந்து நம் அனுமதியின்றி வெளியேறிப் பிறரைச் சேரும் ஒன்றை நாமே அறிய முடியாது என்றால், 'என்னை நான் அறிவேன்' என்னும் நம் உறுதி எவ்வளவு சிறியது என்பதும், நம்மைப் பற்றிய அறிவில் ஒரு பகுதி எப்போதும் நம்மோடு வாழ்பவர்களிடமே இருக்கிறது என்பதும், மனம் நோகுமே என்று அவர்கள் காக்கும் மௌனம் அந்த அறிவை நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படுகின்றன. நாகரிகம் என்று பெயரிட்டு நாம் விலகி உட்காருகிறோம். விலக்கப்பட்டவர் காரணம் அறியாமல் தம் குணத்தையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

ஆகவே, தெரிந்தவர் சொல்லிவிடுங்கள். தனியாக, ஒரே முறை, பிறர் காதில் விழாமல். சொன்னதோடு நிறுத்தாமல் பல் மருத்துவரிடம் கூடவே போங்கள். ஈறும் நாக்கும் சுத்தமான பிறகும் தீராவிட்டால் டான்சில், சைனஸ், சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு இது தீரக்கூடியது.