வீட்டின் விலையும் அண்டையின் உரிமையும்

ஒருவர் தம் வீட்டை விற்பது அவருடைய உரிமை. உரிய விலை கொடுத்து மற்றவர் அதை வாங்குவதும் குற்றமன்று. ஆயினும், இவ்வாறு வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறி, ஒரு மஹல்லாவே அங்கு வாழ்ந்தோர்க்கு அன்னியமாகிவிடின், அநீதி இழைத்தவர் யார்?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ‘போ-காப்’ என்னும் முஸ்லிம் குடியிருப்பு உள்ளது. டச்சுக்காரர் கீழை நாடுகளிலிருந்து அடிமைகளாகவும் கைதிகளாகவும் கொண்டுசென்றோரின் வழித்தோன்றல்கள் பலர் அங்கு வாழ்கின்றனர். அந்நாட்டின் முதற் பள்ளிவாசலாகிய அவ்வல் பள்ளி அங்கேதான் எழுந்தது. அது நிற்கும் மனை, அடிமைத்தளையினின்று விடுதலை பெற்ற ‘இலங்கைக் கோரிடன்’ என்பாரின் குடும்பச் சொத்து. அவருடைய மகள் அதைத் தொழுகைக்கென ஈந்தார்.

அதே நகரின் ஆறாம் வட்டத்தை நிறவெறி அரசு 1966-இல் வெள்ளையர்க்கென அறிவித்து, 60,000-க்கு மேற்பட்டோரை வெளியேற்றிற்று. போ-காப் அன்று தப்பியது. நிறவெறி ஆட்சி 1994-இல் ஒழிந்தபின், நகர மையத்தை ஒட்டிய அவ்வீடுகளைச் செல்வர்கள் நாடினர். மதிப்பு உயர, வரியும் உயர்ந்தது. விற்க மனமில்லாத முதியோர்க்குச் சொந்த வீடே சுமையாயிற்று. 2018-இல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். 2019-இல் மாநகராட்சி அதைப் பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியாக்கிற்று.

சட்டம் துரத்தியபோது கொடியவர் யாரெனக் காட்ட முடிந்தது. விலை துரத்தும்போது எவரையும் காட்ட முடிவதில்லை.

அண்டை வீட்டார் குறித்து ஜிப்ரீல் (அலை) இடைவிடாது வலியுறுத்தியதால், அவர்களைச் சொத்துக்கும் வாரிசாக்கிவிடுவார்களோ என நபிகள் நாயகம் (ஸல்) எண்ணியதாக ஹதீஸ் உண்டு. விற்கப்படும் வீட்டை முதலில் வாங்கிக்கொள்ளும் ‘ஷுஃப்ஆ’ உரிமையை ஹனஃபி மத்ஹப் அண்டை வீட்டார்க்கும் தருகிறது. ஷாஃபிஈ மத்ஹப் பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டுமே தருகிறது. எவ்வாறாயினும், அவ்வுரிமை கையில் பொருளுள்ளவர்க்கே பயன்படும். வறிய அண்டை வீட்டார் அதைக்கொண்டு என் செய்வார்?

எனவே, மருத்துவத்திற்கோ கடனடைக்கவோ வீட்டை விற்பவரை நாம் பழித்தல் தகாது. பொறுப்பு மஹல்லா முழுமைக்கும் உரியது. நாம் கூடிப் பொருள் திரட்டி, இரண்டொரு வீடுகளையேனும் வக்ஃபு செய்து, எளியோர்க்குக் குறைந்த வாடகைக்கு விடலாம். விற்குமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கேட்கலாம். கேப் டவுனில் எத்தனையோ மனைகள் கைமாறின. விடுதலை பெற்ற ஓர் அடிமையின் மகள் ஈந்த மனையில் இன்றும் பாங்கொலி கேட்கிறது.