எதைவிட? யாருக்கு?

குட், பெட்டர், பெஸ்ட் என்று பள்ளியில் ஏணிப்படி போல ஒப்பித்திருப்போம். நல்லது முதல் படி, அதைவிட நல்லது இரண்டாம் படி, மிக நல்லது உச்சி. புழக்கத்தில் 'பெட்டர்' அந்தப் படியில் நிற்பதே இல்லை. காய்ச்சலில் கிடந்தவர் இன்று 'பெட்டர்' என்றால் குணமாகிவிட்டார் என்று பொருளில்லை. நேற்றைக்கு இன்று தேவலை, அவ்வளவுதான். ஒன்று நல்லதாக இல்லாமலேயே 'பெட்டர்' ஆகிவிட முடியும். பெண்கள் வாழ்க்கையில் இந்தச் சொல் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வேறு முகங்களும் உண்டு. 'ஒருவரின் பெட்டர்ஸ்' என்றால் அவரைவிட மேலோர். வேலைக்காரர்களிடம் பணிவை எதிர்பார்த்த சமூகத்தின் சொல் அது. இன்னது செய்வது உனக்கு 'பெட்டர்' என்பது அறிவுரை போலத் தொடங்கி மிரட்டலாக முடியலாம். 'பெட்டர் ஹாஃப்' என்பதில் 'பெட்டர்' முதலில் அளவைத்தான் குறித்தது: பாதிக்கும் மேலான பங்கு. 1590இல் அச்சான பிலிப் சிட்னியின் 'ஆர்க்கேடியா'வில் வாழ்க்கைத் துணையைச் சொல்ல அது பயன்பட்டிருக்கிறது. இன்று மேடைகளில் மனைவியை அப்படி அறிமுகப்படுத்துகிறார்கள். பாதிக்கும் மேலானவள் என்கிறார்களே, வீட்டுப் பத்திரத்தில் பாதியாவது அவள் பெயரில் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழில் ஒப்பிட வேண்டுமானால் பெரும்பாலும் 'விட' வேண்டும். 'அதைவிட இது நல்லது' என்னும்போது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது வாக்கியத்திலேயே வந்துவிடும். 'இதுதான் பெட்டர்' என்று சொல்லும்போது அது காணாமல் போய்விடுகிறது. 'பொண்ணுக்கு டீச்சர் வேலைதான் பெட்டர்.' 'ராத்திரி ஷிப்ட் வேணாம், வீட்லயே இருக்கிறது பெட்டர்.' எதைவிட, யாருக்கு என்ற இரண்டு கேள்விகளும் இங்கே விழுங்கப்படுகின்றன. டீச்சர் வேலை அவளுக்கு நல்லதா, அல்லது நாலு மணிக்கு அவள் வந்து டீ போடுவது வீட்டாருக்கு நல்லதா? கேள்வி கேட்காதவரை இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1968 ஜூன் மாதம், இங்கிலாந்தின் டாகென்ஹாமில் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திறன் குறைந்த 'பி' பிரிவில் வைத்திருந்தது நிறுவனம். அதே பிரிவு ஆண்களின் கூலியில் 85 சதவீதம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. தங்கள் வேலை திறன் மிக்க வேலை, 'சி' பிரிவில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. மூன்று வாரத்துக்குப் பின், அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டு ஏற்பட்ட உடன்பாட்டில் கூலி 92 சதவீதமானது. சம ஊதியச் சட்டம் 1970இல் வர அந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம். வரலாறு அதை வெற்றி என்கிறது, சரிதான். ஆனால் 85ஐவிட 92 மேல் என்பது, அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. தையல் திறனா இல்லையா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க, 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

'யாருக்கு' என்ற கேள்விக்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பிறப்பால் உரிமை என்ற தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமான மகள்களுக்கு அது பொருந்தாது. ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு உண்டு, முந்தைய ஆண்டு தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் மணத்தேதியைக் காட்டி மகளை விலக்கும் இந்த வேறுபாடு நீங்கியது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களில் பாகப்பிரிவினை முடிந்திருக்கும்!

ஒப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண் கூலியோடு பெண் கூலியை வைத்துப் பார்க்காமல் அநீதியைக் காட்டவே முடியாது. நம் பாட்டிமாரைவிட நாம் அதிகம் படிக்கிறோம் என்பதும் உண்மை. அதற்காகப் போராடியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் 'உங்க அம்மா காலத்துக்கு இது எவ்வளவோ பெட்டர்' என்று வாயடைக்கும்போது அந்தக் கடனைத் தவறானவர்கள் வசூலிக்கிறார்கள். பாட்டியோடு என்னை ஒப்பிடுபவர், என் தம்பியோடு ஏன் ஒப்பிடுவதில்லை? அவனுடைய வாழ்க்கையை யாரும் தாத்தாவின் வாழ்க்கையோடு வைத்துத் திருப்திப்படச் சொல்வதில்லையே.

கிடைக்கும் மேம்பாட்டை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. டாகென்ஹாம் பெண்களும் 92ஐ வாங்கிக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினார்கள். 'சி' பிரிவு தங்களுக்கு உரியது என்ற பேச்சை மட்டும் அவர்கள் விட்டுவிடவில்லை.