நிறுத்திய வாகனமும் அழிவின் காரணமும்

ஒரு பொருள் அழிவதற்குப் புறத்தே காரணம் வேண்டுமா, தோன்றியது என்பதே அழிவதற்குப் போதுமா என்ற வினா இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்டது. தோன்றிய பொருள் மறுகணமே தன்னியல்பால் மறைகிறது என்னும் கணபங்க வாதத்தை வசுபந்து முதலிய பௌத்த ஆசிரியர்கள் நிறுவ, நையாயிகர் எனப்படும் தருக்க மரபினர், தடியடி பட்ட பிறகே குடம் உடைகிறது என்று காட்டி, அழிப்பது ஒன்று வந்து சேரும்வரை பொருள் நிலைத்திருக்கும் என்று மறுத்தனர். அம்மரபைச் சேர்ந்த உதயணரின் ஆத்மதத்துவவிவேகம் என்னும் நூல் இம்மறுப்புடனேயே தொடங்குகிறது. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் எடுத்துக்காட்டிய புகழ்பெற்ற தேர், உறுப்புகளைத் தவிரத் தேர் என ஒன்று உண்டா என்ற வினாவுக்கே உதவியது. ஓட்டாமல் நிறுத்திய தேர் என்னவாகும் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கப்போகும் காரை அதற்கென ஆயத்தம் செய்வோரின் வழக்கம் இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல்லாகிறது. பெட்ரோலில் உள்ள சில சேர்மங்கள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகி நுண்துளைகளை அடைக்கின்றன. அதில் கலந்த எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நீர் மிகும்போது இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்குகின்றன. ஆகவே காற்றுக்கு இடமில்லாதபடி தொட்டியை நிரப்பி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நிலைப்படுத்தியைச் சேர்த்து, அது எரிபொருள் குழாய்கள் முழுவதும் பரவும்படி என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிய பின்னரே வண்டியை நிறுத்துகின்றனர். காரணத்தைத் தடுத்தால் கேடு தள்ளிப்போகிறது என்பதால் இதுவரை வெற்றி நையாயிகருக்கே உரியது எனலாம். பௌத்தர் இதற்கும் விடை வைத்திருப்பர், நிலைப்படுத்தி பெட்ரோலைக் காக்கவில்லை, அடுத்தடுத்து எழும் கணங்களின் தொடரான சந்தானத்தை வேறு வழியில் திருப்பியது என்பர், ஆனால் அவ்விடை எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்திவிடுவதால் அதற்கு வலிமை குறைவு.

பேட்டரியிடம் வரும்போது வாதம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. இணைப்பைக் கழற்றி, எவரும் தொடாமல் வைத்தாலும், ஈய அமில பேட்டரி தன்னுள் நிகழும் வேதிவினையால் மெல்ல மின்னிறக்கம் அடைகிறது. அந்நிலையிலேயே நெடுநாள் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, மீண்டும் மின்னேற்ற இயலாதபடி செய்கின்றன. இங்கே தடியும் இல்லை, அடிப்பவனும் இல்லை. மின்சாரம் தரும் அமைப்பே அதன் தேய்வுக்கும் இடமாகிறது. உள்வினையும் ஒரு காரணமே என்று நையாயிகர் கூறலாம், எனினும் அழிப்பது வெளியிலிருந்து வரும்வரை பொருள் நிலைக்கும் என்ற குடத்தின் உவமை இங்கே செல்லாது. இவ்வளவில் பௌத்தர் கூற்றே உண்மைக்கு அணுக்கமானது. நிலைப்படுத்தியும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் செயலிலேயே செலவழிந்து தீர்வதால், அதைச் சேர்த்த பெட்ரோலும் காலவரையின்றி நிற்பதில்லை.