கணக்கும் கடனும்: கைப்பேசி நாட்காட்டியில் முன்னோர் நினைவு

இறந்தோரை நினைப்பது உயிரோடு இருப்போரின் கடன் என்று கொள்ளும் சமயங்களில், அந்தக் கடனின் எந்தப் பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், எந்தப் பகுதியைச் செய்பவரே தாங்க வேண்டும் என்னும் கேள்வி நெடுங்காலமாக இருந்து வருகிறது. நாளைக் கணிக்கும் பொறுப்பைப் பஞ்சாங்கமும், மந்திரத்தைச் சொல்லும் பொறுப்பைப் புரோகிதரும், பெயர்களைக் காக்கும் பொறுப்பைக் குடும்பக் குறிப்பேடும் மடத்துக் குறிப்பேடும் ஏற்று வந்துள்ளன. இன்று அந்த வரிசையில் கைப்பேசியும் சேர்ந்திருக்கிறது. குடும்பத்தாரின் பெயர், உறவு, மறைந்த திதி முதலியவற்றை வரிசையும் புலமுமாகச் சேர்த்து வைக்கும் தரவுத்தளச் செயலி ஒன்றைக் கைப்பேசியின் நாட்காட்டியோடும் தொடர்புப் பட்டியலோடும் இணைத்துவிட்டால், யாருக்கு என்பதையும் என்றைக்கு என்பதையும் கருவியே அறிந்து, உரிய காலையில் மணியடித்துச் சொல்லிவிடும். அவ்வாறு சொல்லப்பட்டபின் மனிதருக்கு எஞ்சுவது என்ன என்பதே இங்கு ஆராயப்படுவது.

இக்கேள்விக்குப் புதுச்சேரியின் கருவடிக்குப்பம் பொருத்தமான களம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயில் அங்கு இருக்கிறது. நகரத்தார் தம் இறந்தோரை எரியூட்டும் மயானமும் அங்கு இருக்கிறது. முன்னதில் நினைவைக் காப்பவர்கள் அடியார்கள். பின்னதிலிருந்து நினைவை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் மக்களும் பேரரும். குருவின் மறைவு நாளைக் குருபூசையாக, அதாவது குரு இறையோடு கலந்த நாளின் விழாவாகக் கொண்டாடுவது சைவ மரபு. சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, சம்பந்தருக்கு வைகாசி மூலம், அப்பருக்குச் சித்திரைச் சதயம் என்று அந்த நாள்கள் மாதமும் நட்சத்திரமுமாகக் குறிக்கப்படுகின்றன. வீட்டிலோ தாய் தந்தையரின் நினைவு பெரும்பாலும் மாதமும் திதியுமாகக் குறிக்கப்படுகிறது. இரண்டு வகை நாள்களுமே ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் இடம் மாறுபவை.

கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியில் இந்த இடமாற்றத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை முதலில் காண வேண்டும். நாட்காட்டிக் குறிப்புகளை ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் பொது வடிவம் ஐகேலண்டர் எனப்படும். அது 1998இல் வெளியாகி 2009இல் திருத்தப்பட்டது. மனிதர்களின் விவரங்களைக் கொண்டுசெல்லும் வடிவம் விகார்டு எனப்படும். அதன் நான்காம் பதிப்பு 2011இல் வெளியாயிற்று. விகார்டின் அடிப்படை வடிவில் பிறந்த நாளுக்குப் புலம் உண்டு, இறந்த நாளுக்கு இல்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த இணைப்பு ஒன்றே இறந்த நாளையும் இறந்த இடத்தையும் சேர்த்தது. பிறந்த நாள்களைத் தொடர்புப் பட்டியலிலிருந்து தானே எடுத்து நாட்காட்டியில் இட்டுக்கொள்ளும் கைப்பேசிகள், மறைந்தவரின் பிறந்த நாளையும் ஆண்டுதோறும் வாழ்த்துக்குரியதாகவே அறிவிப்பதும் இதனோடு ஒத்துச் செல்கிறது. பிறப்பை இயல்பாகவும் இறப்பைப் பிற்சேர்க்கையாகவும் கொண்ட அந்த அமைப்பு, மறைவு நாளையே விழாவாக்கும் மரபுக்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கிறது.

திதியின் இயல்பு சிக்கலை மேலும் கூட்டுகிறது. சூரியனிடமிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்ல எடுத்துக்கொள்ளும் காலமே ஒரு திதி. சந்திரனின் வேகம் மாறுவதால் அது ஏறத்தாழ 19 மணி நேரமாகக் குறையவும் 26 மணி நேரமாக நீளவும் கூடும். ஆகவே ஒரு திதி இரண்டு நாள்களைத் தொடலாம். ஒரு சூரிய மாதத்தில் இருமுறை வரலாம். மார்கழி போன்ற குறுகிய மாதத்தில் வராமலே போகலாம். இருமுறை வந்தால் முந்தியதைக் கொள்வதா பிந்தியதைக் கொள்வதா என்பதில் வழக்குகள் வேறுபடுகின்றன. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்திலேயே வேறுபடுகின்றன. கிரிகோரியன் அல்லாத நாட்காட்டிகளின்படி மீண்டும் மீண்டும் வரும் நாள்களுக்காக 2015இல் ஆர்.எஃப்.சி. 7529 என்னும் விதிமுறை வெளியிடப்பட்டது. குறித்த நாள் ஓர் ஆண்டில் இல்லாதபோது அதை விட்டுவிடுவதா, முன்னே தள்ளுவதா, பின்னே இழுப்பதா என்று மூன்று வழிகளை அது வைக்கிறது. ஆயினும் அது சார்ந்து நிற்கும் யூனிகோட் அமைப்பின் பட்டியலில் சீன, எபிரேய, எத்தியோப்பிய நாட்காட்டிகளோடு இந்தியத் தேசிய நாட்காட்டி உண்டே தவிர, பஞ்சாங்கத் திதிக் கணக்கு இல்லை. மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் தேசிய நாட்காட்டியைக் கொண்டு வீட்டில் திதி பார்ப்பவர் அரிது. எனவே செயலி செய்யக்கூடியது, பஞ்சாங்கத்தைத் தனியே கணித்து, அதன் விடையை ஆண்டுக்கொரு தேதியாக நாட்காட்டியில் எழுதுவதே. அப்போது நாட்காட்டிக்குச் செல்வது விடை மட்டும். எந்தப் பஞ்சாங்கம், எந்த வழக்கு என்னும் முடிவுகள் கண்ணுக்குத் தெரியாமல் செயலிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதும் அப்படி மறைந்துபோகும் முடிவுகளில் ஒன்று. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்து, கருவடிக்குப்பத்து மாந்தோப்பைத் தன் பாட்டின் களமாக்கிய பாரதி, 1921இல் சென்னையில் நள்ளிரவு கடந்தபின் மறைந்தார். நள்ளிரவில் நாள் மாறுகிறது என்னும் கணக்கில் அது செப்டம்பர் 12. சூரிய உதயம் வரை முந்திய நாளே நீடிக்கிறது என்னும் கணக்கில் அது 11. அவருடைய நினைவு நாள் இன்றும் இருவேறாகச் சொல்லப்படுவதற்குப் பிழையான ஆவணம் காரணமன்று, நாளின் எல்லை பற்றிய இரண்டு கொள்கைகளே காரணம். புதுச்சேரிக்கு இத்தகைய இரட்டைக் கணக்கு புதியதும் அன்று. 1736இல் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழ் ஆண்டையும் மாதத்தையும் ஐரோப்பியத் தேதியோடு சேர்த்தே எழுதிச் செல்கிறது. அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் கணக்கையும், ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் கணக்கையும் கொண்டிருந்தமையால், புதுச்சேரியும் அதற்குத் தெற்கே அண்மையிலிருந்த கடலூர்க் கோட்டையும் ஒரே பகலைப் பதினொரு நாள் இடைவெளியில் தேதியிட்டன.

இன்று அந்த இடைவெளி குடும்பத்துக்குள்ளேயே வந்திருக்கிறது. ஆண்டுத் திதிக்கு, பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்தால் வரும் நான்காம் பகுதியான அபராண்ண வேளையில் எந்தத் திதி நிலவுகிறது என்று பார்ப்பது வழக்கம். பாரிசின் பிற்பகல் புதுச்சேரியின் பிற்பகலுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிந்தியது. அந்த ஐந்து மணி நேரத்துக்குள் திதி முடிந்துவிடுமானால், புதுச்சேரியில் இருக்கும் அண்ணன் ஒரு நாளிலும் பாரிசில் இருக்கும் தம்பி அதற்கு முந்திய நாளிலும் ஒரே தந்தைக்குத் திதி கொடுக்க நேரும். பொதுச் செயலியோ ஓரிடத்தின் விடையை எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறது. மரபு இந்த வேறுபாட்டைக் குறையாகக் கருதவில்லை; கடன் என்பது அண்டத்தின் ஒரு கணத்தோடு கட்டப்பட்டதன்று, செய்பவர் நிற்கும் நிலத்தின் வெயிலோடும் பொழுதோடும் கட்டப்பட்டது என்பதே அதன் கருத்து.

நாளைப் போலவே ஆளைக் குறிப்பதிலும் கருவி ஒரு கொள்கையை முன்னமே ஏற்றிருக்கிறது. விகார்டில் பெயர் என்பது குடும்பப் பெயர், இடுபெயர் முதலான பகுதிகளாகப் பிரிகிறது. தந்தை பெயரின் தலைப்பெழுத்தோடு எழுதப்படும் தமிழ்ப் பெயர் அதில் இயல்பாக அமைவதில்லை. புதுச்சேரியில் இந்த நெருக்கடி முன்பே சட்டமாக வந்தது: 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி தம் சமயவழித் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள், ரெனோன்சான்கள் எனப்பட்டவர்கள், தமக்கென நிலையான குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டனர். உறவுகளிலும் இதே நிலைதான். விகார்டு முன்வைக்கும் இருபது உறவு வகைகளில் பெற்றோர், பிள்ளை, அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோர் முதல் காதலர் வரை இடம் பெறுகின்றனர். குரு இல்லை, சீடர் இல்லை. கருவடிக்குப்பத்துச் சமாதியில் விளக்கேற்றுபவருக்கும் அங்கு அடங்கியிருப்பவருக்கும் இடையிலான உறவை அந்தப் பட்டியலில் எங்கும் பதிய இயலாது. இல்லறத்தானின் கடமைகளை முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐந்தாக வகுத்த வள்ளுவரின் வைப்பிலும், தொடர்புப் பட்டியலில் எளிதாக அடங்குவோர் சுற்றத்தாரும் தானுமே.

இங்கு அறம் சார்ந்த மற்றொரு கேள்வியும் எழுகிறது. தொடர்புப் பட்டியலைப் படிக்கச் செயலிக்கு அனுமதி தருபவர் கைப்பேசியின் உரிமையாளர். ஆனால் அதில் இருப்பவை பிறருடைய பெயர்கள். 2012இல் ஆப்பிள் கைப்பேசிகளும் 2015இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் இத்தகைய அனுமதியைப் பயன்பாட்டின்போதே கேட்கத் தொடங்கின. எனினும் பட்டியலில் உள்ளவர்களிடம் எவரும் கேட்பதில்லை. இறந்தவர்களின் நிலை இன்னும் மெலிந்தது: ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்பு விதி இறந்தோருக்குப் பொருந்தாது, இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர் தம் இறப்புக்குப் பின் உரிமையைச் செலுத்த வேறொருவரை நியமிக்க வழி தருகிறது, நியமிக்காமல் இறந்தவருக்காகப் பேச அதில் எவரும் இல்லை. ஆகவே முன்னோரின் பெயர் சடங்குக்காகப் பெறப்பட்டால் சடங்களவிலேயே நிற்க வேண்டும் என்னும் வரம்பைச் சட்டம் விதிக்கும்வரை காத்திராமல், செயலியை அமைப்பவரும் பயன்படுத்துபவரும் தாமே ஏற்பது தகும்.

காலத்தையும் ஆளையும் இணைக்கும் வேலை கருவியோடு தோன்றியதன்று என்பதற்குச் சடங்கின் தொடக்கமாகிய சங்கல்பமே சான்று. சங்கல்பம் என்பது செய்யப்போவதை அறிவித்து உறுதி கொள்ளுதல். அதில் கற்பம், யுகம் எனப் பேரளவில் தொடங்கும் காலம், ஆண்டு, அயனம், பருவம், மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் எனச் சுருங்கி அந்தப் பகலில் வந்து நிற்கிறது. இடமும் அவ்வாறே உலகத்திலிருந்து ஊருக்கு இறங்குகிறது. பின்பு கோத்திரமும் பெயரும் சொல்லப்படுகின்றன. நாட்காட்டியும் தொடர்புப் பட்டியலும் தரக்கூடிய எல்லாப் புலங்களும் அங்கு உள்ளன. ஆனால் அந்த நீண்ட வாக்கியம் முடிவது, இதை நான் செய்கிறேன் என்னும் உறுதியில். முந்திய பகுதிகள் அனைத்தையும் புரோகிதர் எடுத்துக்கொடுக்கலாம், பஞ்சாங்கத்தைப் பார்த்துப் படிக்கலாம், செயலியும் திரையில் காட்டலாம். இறுதி உறுதியை மட்டும் செய்பவர் தாமே ஏற்றாக வேண்டும்.

நினைவூட்டலைக் கருவியிடம் விட்டால் நினைவே தேய்ந்துவிடாதா என்னும் மறுப்புக்கும் இதிலிருந்தே விடை கிடைக்கிறது. திதியை மனத்தில் வைத்திருத்தல் அன்பின் அளவுகோல் என்று மரபு ஒருபோதும் கொள்ளவில்லை. இறந்த திதி தெரியாதவருக்கு அமாவாசையில் செய்யலாம் என்று அது வழி வைத்திருப்பதே, அறியாமையை அது மன்னிக்கிறது என்பதைக் காட்டும். அது மன்னிக்காதது, தெரிந்தும் செய்யாமையை. கருவி இந்த இடத்தில் மனிதரின் நிலையை இலேசாக்குவதற்கு மாறாகக் கடினமாக்குகிறது: மறந்துவிட்டேன் என்னும் பழைய புகலிடம், மணியடித்த பின் எவருக்கும் இல்லை.

பட்டியலுக்கு அடங்காதவர்களையும் மரபு மறக்கவில்லை. தர்ப்பணத்தின் இறுதியில், தாய் தந்தையரோ உறவினரோ நண்பரோ இல்லாமல் இறந்தவர்களுக்கென்று ஒரு கை நீர் விடப்படுகிறது. எந்தத் தரவுத்தளத்திலும் அவர்களுக்கு வரிசை இல்லை. அவர்கள் பெயரில் எந்த நாட்காட்டியும் மணியடிக்காது. கடன் பட்டியலிலிருந்து பிறப்பதாக இருந்தால் அந்த நீருக்குப் பொருள் இராது. கடன் செய்பவரிடமிருந்து பிறப்பதாலேயே அது பெயர் தெரியாதவரையும் எட்டுகிறது. எனவே இத்தகைய இணைப்பு நேர்மையாக அமைய வேண்டுமானால், அது தேதியோடு அத்தேதி வந்த விதியையும் காட்ட வேண்டும். இடத்துக்கேற்ப விடை மாறுவதை மறைக்கக் கூடாது. தெரியாத புலத்தைத் தானே நிரப்பாமல் வெறுமையாக விட வேண்டும். ஒரு சடங்கு முடிந்ததாகத் தானே குறித்துக்கொள்ளவும் கூடாது. இவ்வளவும் செய்த கருவி கணக்கைச் சரியாக ஒப்படைத்துவிட்டது எனலாம். அதன்பின் கடன் தீர்ந்ததா என்பது, அந்த நாளில் எழுந்து நீர் வார்ப்பவரையோ விளக்கேற்றுபவரையோ மட்டுமே பொறுத்தது.