பழகியது பழகியபடியே

‘2010: ஒடிசி டூ’ நாவலை ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் இருந்தபடி ஒரு சிறு கணினியில் வேர்ட்ஸ்டாரில் தட்டி முடித்தார். நியூயார்க்குக்குப் போனது ஒரே ஓர் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செயற்கைக்கோள் நிலையம் வழியாகப் போய்ச் சேர்ந்தன. நாவல் 1982-இல் வந்தது. அது படமானபோது லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸும் அவரும் கேப்ரோ கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்கள் பின்னால் தனிப் புத்தகமாகவே வந்தன.

கேப்ரோவில் ஓடியது சிபி/எம். கேரி கில்டால் 1974-இல் கலிஃபோர்னியாவில் எழுதிய இயங்குதளம். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு என் லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு நான் ஓட்டிக்கொண்டிருப்பது அதைத்தான். கறுப்புத் திரையில் ‘ஏ’ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் அம்புமுனை, அவ்வளவுதான் வரவேற்பு. ‘டிர்’ அடித்தால் கோப்புகளின் பட்டியல் வரும். ‘டைப்’ அடித்தால் கோப்பு திரையில் ஓடும். “அதுல என்னதான் வேலை நடக்குது?” என்று மனைவி கேட்டாள். ஒரு வேலையும் நடக்கவில்லை.

இளமையைத் தேடுகிறாய் என்கிறார்கள் நண்பர்கள். அப்படியானால் நான் போய் நிற்க வேண்டிய இடம் டாஸ். கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய், ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேராக நெருக்கியடித்து உட்கார்ந்து லோட்டஸும் டிபேஸும் கற்ற தலைமுறை என்னுடையது. சிபி/எம்மை அந்த வயதில் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எண்பதுகளின் நடுவில் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நாட்டின் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினி வந்ததுண்டு. எங்கள் ஊர்ப் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. நான் இருந்தே பார்க்காத ஒரு காலத்தின் மேல் எனக்கு ஏக்கம் வருவானேன்?

எனக்குத் தோன்றுவது இதுதான். சிபி/எம் முடிந்துபோன பொருள். அதன் 2.2 பதிப்பு 1979-இல் வந்தது. கட்டளையை வாங்கும் பகுதியும் கோப்புகளைக் கவனிக்கும் பகுதியும் சேர்ந்தே ஐந்தரை கிலோபைட்தான். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் குட்மார்னிங் ரோஜாப்பூ இதைவிடப் பல மடங்கு பெரிது. நினைவகம் 64 கிலோபைட்டுக்கு மேல் கிடையாது என்பதால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெரிய புரோகிராம் ஒன்று உள்ளே வந்தால், கட்டளை வாங்கும் பகுதி தன் இடத்தையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிடும். புரோகிராம் முடிந்ததும் ஃப்ளாப்பியிலிருந்து திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்த விருந்தாளிக்குத் தன் பாயைக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போகிற வீட்டுக்காரர் மாதிரி.

இதை ஒரு தடவை புரிந்துகொண்டேன். அதோடு சரி, இனி மாறாது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கையேட்டைப் பிரித்தால் அதில் சொன்னது சொன்னபடி இன்று ராத்திரியும் நடக்கிறது. கோப்பை நகலெடுக்கும் ‘பிப்’ கட்டளையில் போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலிலும், எடுக்கும் இடத்தைப் பின்னாலும் எழுத வேண்டும். தலைகீழ் வழக்கம், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் விரல் பழகிவிட்டால் அந்தப் பழக்கத்தை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

என் பெரியப்பாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்க, பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து வங்கிச் செயலியைக் கற்றுக்கொண்டார். முதலில் எங்கே தொட வேண்டும், அப்புறம் என்ன வரும் என்று டைரியில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து வைத்திருந்தார். ஒருநாள் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அவர் வரைந்த பொத்தான் அந்த இடத்தில் இல்லை. “நான் ஒண்ணும் மறக்கலடா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவந்தான் மாத்திட்டான்” என்றார். கோபத்தைவிட அவமானம்தான் அந்தக் குரலில் அதிகம். வயதானால் ஞாபகம் போய்விடுகிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஞாபகம் வைத்திருந்த பொருளை நாம் நகர்த்திவிட்டதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒன்றைக் கஷ்டப்பட்டுக் கற்றால் அது நமக்குச் சொந்தமாகிவிடும் என்று நம்பித்தான் மனுஷன் எதையும் கற்கிறான். கற்றவரை வருஷத்துக்கொரு தடவை மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்கும் ஏற்பாட்டுக்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பல நேரம் முன்னேற்றம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு ஆயுள் முடிந்துபோகலாம். பெரியப்பாவின் டைரியைப் பார்த்த பிறகுதான் என் ராத்திரி விளையாட்டின் அர்த்தம் எனக்கே கொஞ்சம் பிடிபட்டது.

இந்த விளையாட்டில் பித்தலாட்டமும் உண்டு. அந்தக் காலத்தில் ஃப்ளாப்பியை மாற்றிவிட்டு, கண்ட்ரோல்-சி அழுத்த மறந்து சேமிக்கப் போனால், ‘பிடாஸ் எர்ர்’ என்று ஒரு வரி வந்து நிற்கும். அதுவரை அடித்தது போனது போனதுதான். என் எமுலேட்டரில் ஃப்ளாப்பி ஒரு கோப்பு. அதற்குப் பூஞ்சை பிடிக்காது, கீறல் விழாது. நிஜ இயந்திரத்தையே வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் வேறு ரகம். 1985-இல் பிரிட்டனில் பிரிண்டரோடு சேர்த்து வரி நீங்கலாக 399 பவுண்டுக்கு வந்த ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ 8256-இலும் சிபி/எம் ஓடும். பச்சை எழுத்துத் திரை, மற்றவர்கள் அதிகம் சீந்தாத மூன்று அங்குல ஃப்ளாப்பி. அந்த டிரைவைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் இத்தனை வருஷத்தில் நைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டி ஓட்டுகிறார்கள். அவர்களுடையது பக்தி. என்னுடையது டிவியில் கும்பாபிஷேகம் பார்ப்பது.

முடிந்துபோன பொருள், முழுமையான பொருள் என்று புகழ்கிறேனே, யாருக்கு முழுமை? ஆஸ்கி அட்டவணையில் இருப்பது 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். ஒரு பைட்டில் இன்னொரு 128-க்கு இடம் மிச்சம் இருக்கிறதே, அங்கே வேறு மொழியை உட்காரவைக்கலாமே என்றால், வேர்ட்ஸ்டார் அதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வரிகளைச் சீராக நிரப்ப வசதியாக, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் அந்த எட்டாவது பிட்டை ஏற்றி அடையாளம் வைத்துக்கொண்டது. கொழும்பில் கிளார்க்குக்கு எந்தக் குறையும் வைக்காத அந்த எழுதுகருவி, அதே தீவில் யாழ்ப்பாணத்தில் தமிழில் எழுதிய ஒருவருக்கு ஒரு கடிதம் அடிக்கக்கூட உதவியிருக்காது.

தமிழுக்கு வழி தேடியவர்கள் எண்பதுகளிலேயே உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியது 1985-இல். ஆனால் பின்னால் ஆளாளுக்கு ஒரு குறியீடு, ஆளாளுக்கு ஒரு ஃபான்ட். ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவர் கணினியில் குப்பையாகத் திறக்கும். 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றும், விண்டோஸில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது. நான் வைகிற அதே புதுப்பித்தல்களில் ஒன்றுதான் எனக்குத் தமிழைக் கொண்டுவந்து கொடுத்தது. இந்தக் கட்டுரையை சிபி/எம்மில் எழுத முடியாது. ஆசைக்கு அதில் தங்கிலீஷில் ஒரு பத்தி அடித்துப் பார்த்தேன். எழுதியவனுக்கே படிக்கச் சகிக்கவில்லை.

ஏக்கமே இல்லாமல் பழையதை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. அதை நடத்துகிறவர் இன்னமும் பேஜ்மேக்கரில்தான் வேலை பார்க்கிறார். அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. யூனிகோடு அதற்குத் தெரியாது. கீழே விண்டோஸ் எக்ஸ்பி. இன்டர்நெட் வயரைக் கழற்றிச் சுருட்டி மேலே வைத்துவிட்டார்.

“இந்தப் பழைய சிஸ்டத்து மேல அப்படி ஒரு பாசமாண்ணே?” என்றேன்.

“பாசமா? இதுல இருபது வருஷ வேலை கிடக்குது சார். ரீபிரிண்ட் கேட்டு வந்தா யாரு உக்காந்து மறுபடி கம்போஸ் பண்றது?”

யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருப்பதைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. பழைய ஃபான்ட்டில் ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து அப்புறம் எழுத்தை அடிக்க வேண்டும். யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். மாற்றும்போது எங்காவது ஓரிடத்தில் இடறும். “கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு மாறிப்போனா மாத்திக் குடுத்த சாஃப்ட்வேரா வந்து பதில் சொல்லும்?” என்று கேட்டார்.

சிபி/எம் பற்றி அவரிடம் நான் பேச்செடுக்கவில்லை. அவருடைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இப்போது கடகடவென்று சத்தம் வருகிறது. அகலமான பட்டை வயர் மாட்டுகிற பழைய ஐடிஇ டிஸ்க் நல்ல நிலையில் கிடைக்குமா என்று என்னைக் கேட்டிருக்கிறார். ரிச்சி தெருவில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில்தான் வரும், வந்தால் இரண்டாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.